மைனஸ் மூன்று

ஆறே முக்காலுக்கு பெர்மிட்டில் கையெழுத்து.
எத்தனை சென்சார், என்றான் தாவூது.
பதினொன்று. எப்போதும் பதினொன்றுதான்.
எப்போதும் கேட்பான்.

கன்ட்ரோல் ரூமுக்கு வாக்கியில் சொல்லி
அலாரத்தின் வாயைப் பொத்தியாயிற்று.
இனி ஒரு மணி நேரம்
என் வார்த்தையை நம்பி மூச்சுவிடும் இந்த ஆலை.

ஏழாவது சென்சார் கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால்,
முழங்கால் உயரத்தில்.
இந்த வாயு கனமானது, தவழும்.
குனிந்து பெருக்குகிறவர்களைத்தான்
முதலில் தேடி வரும்.

போல்ட்டெல்லாம் துரு. உப்பனாறு கூப்பிடு தூரம்.
மழைத்தகட்டுக்கு அடியில் ஒரு சிலந்தி
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.
அதை ஊதி விரட்டிவிட்டு
கப்பைப் பொருத்தினேன்.

சிலிண்டருக்குள் இருப்பது சுத்தக் காற்று.
கடலூர் சிப்காட்டைக் கண்ணால் காணாத காற்று.
எங்கோ அடைத்து, விலை ஒட்டி,
காலாவதித் தேதியும் போட்டு அனுப்பியது.
நிமிடத்துக்கு அரை லிட்டர் திறந்தேன்.

பூஜ்யம் என்றது திரை.
சரி என்று காந்தத்தை எடுக்கும்போது
மைனஸ் ஒன்று.
மைனஸ் இரண்டு.
மைனஸ் மூன்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்றுமில்லாததற்கும் கீழே மூன்று படி.

அப்படியென்றால்
இதற்குப் பூஜ்யம் சொல்லிக்கொடுத்தவன்
நாற்றத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.
ஸ்டிக்கரைத் துடைத்துப் பார்த்தேன்.
மார்ச் பதினான்கு.
கையெழுத்து என்னுடையது.

அன்று சிலிண்டர் காலி.
புதன்கிழமை வரும் என்றார்கள் ஸ்டோரில்.
செவ்வாய் ஆடிட்.
காற்றுதானே, சுற்றிலும் கிடக்கிறதே என்று
காந்தத்தை வைத்துப் பூஜ்யமாக்கினேன்.
மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.
எனக்கு எப்போதுமே தெரிவதில்லை.
மஞ்சக்குப்பம் வீட்டில் நான் சட்டை கழற்றினால்
சுசீலா எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள்.

இந்த வாயு முதலில் மூக்கைத்தான் தூங்கவைக்கும்:
புதிதாகச் சேர்கிறவர்களுக்கு
வகுப்பெடுப்பதும் நான்தான்.

ஆடியில் ஒருநாள் அஞ்சலாட்சி
துடைப்பத்தை ஊன்றி நின்றாள்.
'தல நோவுது சார். கண்ணு எரியுது.'
நான் திரையைக் காட்டினேன்.
பாரும்மா, பூஜ்யம்.

அவளுக்கு எழுதப் படிக்க வராது.
ஆனால் பூஜ்யம் தெரியும்.
வராத நாளுக்கு நேரே
கான்ட்ராக்டர் தாளில் அதுதான் இருக்கும்.
அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு பெருக்கப் போய்விட்டாள்.

பத்தில் கத்தவேண்டியது
பதிமூன்றில்தான் கத்தியிருக்கும்.
அதுவரை எத்தனை காலை, எத்தனை முறை குனிந்தாள்,
இந்தக் கணக்கைப் போட
என்னிடம் கருவி இல்லை.

பூஜ்யத்தைத் திருத்தினேன்.
அடுத்து இருபத்தைந்து காட்டவேண்டிய வாயு.
பத்தொன்பது, இருபத்திரண்டு,
இருபத்துமூன்றில் தயங்கி
ஒருவழியாக ஏறிவந்தது.

பதிவேட்டில் 'இருந்த நிலை' என்று ஒரு கட்டம்.
பதினொன்றுக்கும் நேராக
முன்கூட்டியே பூஜ்யம் எழுதிவைப்பது வழக்கம்.
இன்றும் எழுதியிருந்தேன், டீ குடிக்கும்போதே.
ஏழாவதை அடித்தேன்.
மைனஸ் மூன்று.
பக்கத்தில் மார்ச் தேதியும், என் பெயரும்.
தாவூது எட்டிப் பார்த்துவிட்டு
தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப்பக்கம் துடைப்பச் சத்தம்.
அவளா, அவளுக்குப் பதில் வந்தவளா,
சுவர் மறைத்தது.

கப்பைக் கழற்றியதும்
வழக்கமான காற்று உள்ளே போயிற்று.
ஒன்று.
இரண்டு.

வாக்கி கரகரத்தது:
'ஏழு முடிஞ்சுதா? பூஜ்யம்தானே?'

'மூணு.'

'என்னது?'

'மூணு. எழுதிக்க.'